கரடிக்கு வைத்த பொட்டு

ஆவடியில் டாங்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒன்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கன்னியம்மாள், தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி மாதம் அந்த வேலையை விட்டாள். விட்டதைச் சொல்லப் போனபோது குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள்.

"இனிமே வர மாட்டேம்மா. கம்பெனி வேலை கெடச்சிட்ச்சு."

குவார்ட்டர்ஸ் வீட்டுக்காரி சொர்ணம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "என்ன கம்பெனி?"

"கரடி பொம்மை தைக்கிற கம்பெனிம்மா. அமெரிக்காவுக்குப் போவுது."

"கரடியா!" சொர்ணம் சிரித்த சிரிப்பில் அடுப்படியே அதிர்ந்தது. "போயிட்டு வா. அமெரிக்காக்காரனுக்குக் கரடி அலுத்ததும் நீ இங்கனதான் வருவே."

கன்னியம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ரயிலடிக்கு நடந்தாள்.

அவளுடைய ஊர் அத்திப்பட்டு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வருவதற்கு முன்னால் அவள் அப்பா கண்டவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எஸ்டேட் வந்தபின் அதே நிலத்தின் மேல் எழுந்த தொழிற்சாலையில் வாட்ச்மேனாக நின்று செத்தார். புருஷன் செங்கல்வராயன் அம்பத்தூர் ஓ.டி.யில் தையல்கடை வைத்திருந்தான். அவன் உயிரோடு இருந்தவரைக்கும் காஜா எடுப்பது, கை தையல் போடுவது, பட்டன் வைப்பது எல்லாம் கன்னியம்மாள்தான். அவன் குடித்தே போய்ச் சேர்ந்தபிறகு மிஷினை விற்றார்கள், கை மட்டும் மிச்சம் இருந்தது. மகளைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்தாயிற்று. சொன்ன சொல் தவறாதவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. 'கன்னிம்மா சொன்னா செரியாத்தான் இருக்கும்' என்பார்கள். சொத்து என்று அவளுக்கு இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

திருவேங்கடம் என்பவர் எஸ்டேட்டின் பின்பக்கத் தெருவில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் சின்னக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம் கோடையில் நுங்கம்பாக்கத்து ஏஜென்ட் மனோகரன் ஒரு வெள்ளைக்காரரை அங்கே அழைத்து வந்தார். வெள்ளைக்காரர் பையிலிருந்து ஒரு கரடி பொம்மையை எடுத்து மேஜைமேல் உட்கார வைத்தார். பழுப்பு ரோமத்துணி, கறுப்பு மூக்கு, கழுத்தில் சிவப்பு நாடா. சைனாவில் தைத்தது. "இதே மாதிரி, இதைவிட ஒரு நூல்கூட மாறாமல் செய்ய முடியுமா?" என்று கேட்டாராம். திருவேங்கடம் தலையாட்டினார். அதுவரை அவர் கரடியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

கரடி எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க அதைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தவள், கைத்தையலுக்கென்று புதிதாகச் சேர்ந்த கன்னியம்மாள். முதுகுத் தையலை ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்து, உள்ளே இருந்த பஞ்சை வெளியே எடுத்தபோது, பஞ்சோடு நீளமாக ஒரு தலைமுடி வந்தது. கறுப்பு முடி. கையை முழுசாக நீட்டினாலும் அதற்குமேல் தொங்கியது.

"பொம்பள முடி" என்றாள் பக்கத்தில் நின்ற புஷ்பா. கொரட்டூர்ப் பெண், பதினெட்டு வயது. தைத்து முடித்த பொம்மையைப் பார்த்துப் பாஸ் பண்ணும் செக்கர் வேலைக்கு வந்திருந்தாள்.

கன்னியம்மாள் அந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் காணாத முடி. எந்த ஊர்க்காரியோ, குனிந்து பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தபோது உதிர்ந்திருக்கிறது. தூக்கி எறிய மனசு வரவில்லை. கரடியைத் திரும்ப மூடும்போது முடியையும் பஞ்சோடு உள்ளே வைத்தே தைத்துவிட்டாள்.

முதல் லாட் ஐப்பசிக்கு முன்னால் போயிற்று. ஒரு குறையும் வரவில்லை. பொங்கல் கழித்து இரண்டாவது லாட்டுக்கு ஆர்டர் வந்தது. அப்போதுதான் அந்தப் பொட்டு விஷயம்.

கரடிகள் மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்க்க, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கம்பெனிப் பெண்களெல்லாம் வந்து நிற்பார்கள். நட்டு போல்ட்டு கம்பெனிக்காரிகள் கையில் கிரீஸோடு வந்து, "எம்மாம் அயகா கீது பாரேன், கொயந்தையாட்டமே கீது" என்று கன்னத்தில் கை வைப்பார்கள். அவர்கள் வந்துபோன வாரத்தில் ஒரு மிஷினின் மோட்டார் எரிந்தது. பேபி என்கிற பெண்ணின் விரலில் ஊசி ஏறி நகத்தைத் துளைத்தது. குழாய் ஒழுகி ஒரு கட்டு ரோமத்துணி வீணாயிற்று. முதலாளி வெள்ளிக்கிழமை வாசலில் பூசணிக்காய் உடைத்தார். ஆனால் அது கம்பெனிக்கு உடைத்தது. கரடிகள் கம்பெனியிலா இருக்கப்போகின்றன? கடல் தாண்டி, முகம் தெரியாதவர்கள் வீட்டுக்கல்லவா போகின்றன? பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிப்போகும் பிள்ளைக்கே கன்னத்திலும் உள்ளங்காலிலும் மை வைக்காமல் யாரும் தூக்குவதில்லை.

கடைசியாக முதுகை மூடி முகம் தைப்பது கன்னியம்மாளின் மேஜை. மூக்குத் தைத்த கறுப்பு நூல் ஊசியில் இருக்கும்போதே, இடது காலைத் திருப்பி, பாதத்தின் நடுவில் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு இழுத்தாள். கடுகளவு. பழுப்புத் துணியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

புஷ்பா உற்றுப் பார்க்கிற வேலைக்காரி.

"இன்னாக்கா இது, கறுப்பா?"

"பொட்டு."

"கரடிக்கா!"

"பாக்கறவங்க கண்ணு எப்டிப்பட்ட கண்ணோ, யாரு கண்டா? கம்முனு பாஸ் பண்ணு."

புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் இரண்டு நாள் போனதும் ஒரு கரடியின் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளே அதைத் திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "இதுக்கு வெக்கலக்கா. பாவம்."

இப்படி அந்த லாட் முழுவதும் பொட்டோடு கப்பல் ஏறியது. இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சித்திரையில் முதலாளி கன்னியம்மாளைக் கூப்பிட்டார். ஜூன் மாதம் மூன்று மடங்கு ஆர்டர் வரப்போகிறது என்றார். பக்கத்து ஷெட்டையும் வாடகைக்குப் பிடித்திருந்தார். "ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு நீதான் தலைவி. உனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்க இருந்தா கூட்டிகினு வா. கை சுத்தமா இருக்கணும்."

கன்னியம்மாள் தெருவில் வீடு வீடாகப் போனாள். முதலில் பிடிகொடுக்காதவள் மூன்று வீடு தள்ளி இருந்த வேம்புலியம்மாள். சித்தாள் வேலை செய்பவள், அவள் வாய்க்கு மேஸ்திரியே பயப்படுவான்.

"நானா? கரடிக்கு ஊசி புடிக்கவா? கல்லு மண்ணு தூக்கற கையிமே இது."

"நான் கத்துத் தரேன். நெழல்ல உக்காந்து செய்யற வேல. வருசம் பூரா கீது."

"மெய்யாலுமா?"

"நான் பொய் சொல்லிக் கீறேனா?"

வேம்புலியம்மாள் அந்த வாரமே மேஸ்திரியிடம் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். சூளை வேலையை விட்டு வந்தவர்கள், வீட்டு வேலையை விட்டு வந்தவர்கள். வைகாசி பிறந்ததும் பழைய துணியில் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தார்கள். வேம்புலியம்மாள் தைத்த முதல் மூக்கைப் பார்த்துவிட்டுப் புஷ்பா, "இது கரடியாக்கா, பன்னியா?" என்று கேட்டாள். "உன் மாமியார்டி" என்றாள் வேம்புலியம்மாள். ஷெட்டே சிரித்தது.

அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம். கரண்ட் இல்லாமல் எல்லோரும் கையில் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. அவர் அப்படி வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஆர்டர் இல்ல" என்றார். "கேன்சல் பண்ணிட்டாங்க. இந்த வாரத்தோட சரி."

யாரோ "ஏன் மொதலாளி?" என்று கேட்டார்கள்.

"வேணாமாம்." அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புஷ்பா மெதுவாகத் திரும்பிக் கன்னியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வை வந்து விழுந்ததும் கன்னியம்மாளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. தரை அனலாகக் கொதிக்கிற நேரத்தில் அவளுக்குக் கால் ஜில்லென்று இருந்தது. ஒரு நூல்கூட மாறாமல் என்று சொல்லியிருந்தார்கள். அவள் மூன்று சுற்று நூலை மாற்றியிருந்தாள். ஒரு கரடியில் அல்ல, அத்தனையிலும்.

வீட்டுக்கு நடக்கும்போது வேம்புலியம்மாள் வழி முழுக்கப் பொரிந்துகொண்டே வந்தாள். "எவளோ ஒருத்தி கோணலா தெச்சிக்கீறா. அவ யாருன்னு மட்டும் தெரியட்டும், அந்த ஊசியாலயே அவ வாய தெச்சிட்றேன். மேஸ்திரி மூஞ்சில கூடய வீசிட்டு வந்தவமே நானு. இனிமே அவன் ஊட்டு வாசல்ல போயி எப்டி நிக்கறது, சொல்லு?"

கன்னியம்மாள் நடையை நிறுத்தினாள். "நிக்க வேணாம். நான் மொதலாளியாண்ட பேசறேன்."

மறுநாள் காலை மற்றவர்கள் வருமுன்னே அவள் போய்விட்டாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். தப்பு நான் பண்ணதுங்க. மத்தவங்களுக்குத் தெரியாது. என்னைய அனுப்பிட்டு அவங்கள வெச்சிக்கினா போதும். அத்தனை பொட்டையும் நானே பிரிச்சிக் கொடுக்கறேன், கரடியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.

முதலாளி அறையில் ஏஜென்ட் மனோகரனும் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இட்லிப் பொட்டலம் பிரித்திருந்தது. அலமாரி உச்சியில் அந்தச் சைனாக் கரடி உட்கார்ந்திருந்தது.

கன்னியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு, அடுக்கி வைத்ததை அப்படியே ஒப்பித்தாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மனோகரன் சிரித்தார். கேலியாக இல்லை, தாங்க முடியாமல் வந்த சிரிப்பு.

"பொட்டா? அம்மா, அந்தப் பெட்டிய அவங்க இன்னும் பிரிக்கவே இல்ல. கப்பல் போய்ச் சேர்ந்ததே இப்பதான். கட்டு கட்டா அப்படியே குடோன்ல கிடக்குது. உன் பொட்ட எவனும் பாக்கல. பாத்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்போ கேன்சல்..."

"அது வேற. அது அவங்க ஜனாதிபதி எடுத்த முடிவு."

கன்னியம்மாளுக்குப் புரியவில்லை. அமெரிக்காவின் ஜனாதிபதிக்கும் அவள் ஊசிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? முதலாளி முகத்தைப் பார்த்தாள். அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனோகரன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சைனாவில ஒரு அஞ்சு வருஷம் முன்னாடி காலேஜ் பசங்க சுதந்திரம் வேணும்னு பெரிய மைதானத்துல உக்காந்தாங்க. கவர்மென்ட்டு டாங்கிய விட்டு அடக்கிச்சு. எத்தனை பேர் செத்தாங்கன்னு இன்னிக்கும் கணக்கு இல்ல. அதுக்காக அமெரிக்கா கோவிச்சுகிச்சு. போன வருஷம் இந்த ஜனாதிபதி சைனாவுக்குக் கெடு வச்சாரு. ஒரு வருஷத்துக்குள்ள உன் ஜனங்கள ஒழுங்கா நடத்து, இல்லேன்னா உன் சாமானுக்கு வரிச்சலுகை கிடையாதுன்னு. சலுகை போச்சுன்னா பொம்மைக்கு வரி பத்து மடங்கு ஏறும். சைனாக் கரடிய எவன் வாங்குவான்? அதான் கம்பெனிக்காரங்க பயந்துபோயி, எதுக்கும் இருக்கட்டும்னு வேற ஊர் தேடினாங்க. நம்மகிட்ட வந்தாங்க."

"எதுக்கும் இருக்கட்டும்னா?"

"மழை வருமோன்னு கொடை எடுத்துட்டுப் போவோம்ல, அது மாதிரி. மழை வரல. முந்தாநாள் அவரு சொல்லிட்டாரு. ஜனங்கள நடத்தறது வேற, வியாபாரம் வேற. வியாபாரம் நடக்கட்டும், பேசிப் பேசித்தான் சைனாவ மாத்தணும்னு. நூறு கோடி ஜனம்மா அங்க. நாளுக்கு நாள் ஏறிகிட்டே இருக்கிற நாடு. அந்தச் சந்தைய யாரு விடுவா? ஏரோப்ளேன் விக்கிறவன்லருந்து எல்லாரும் போய் அவரு வாசல்ல நின்னாங்க." அவர் தோளைக் குலுக்கினார். "கொடைக்கு இனி வேலை இல்ல."

கன்னியம்மாள் நின்றபடியே இருந்தாள். டாங்கி என்ற சொல்லில் அவள் மனசு சிக்கிக்கொண்டது. குவார்ட்டர்ஸ் வேலைக்குப் போன காலத்தில் ஆவடியில் ரயில் பெட்டிமேல் டாங்கிகளை ஏற்றிக்கொண்டு போவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒன்று நகர்ந்தால் பக்கத்துச் சுவர் நடுங்கும். சொர்ணம் வீட்டில் ஒரு தடவை அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்த பத்திரிகைத்தாளில் ஒரு படம் பார்த்தது நினைவு வந்தது. வரிசையாக டாங்கிகள், முன்னால் கையில் பையோடு ஒற்றை ஆள். அன்றைக்கு, 'இவன் எங்க வந்து நிக்கறான், பையித்தியக்காரன்' என்று நினைத்துக்கொண்டே மேலே டப்பாவை வைத்தாள். அந்த ஆள் நின்ற இடத்திலிருந்துதான் அவளுக்கு வேலை வந்ததா? அவள் ஒரு வருஷம் தின்ற சோறு அங்கேயிருந்தா வந்தது?

"அப்போ அந்தப் பசங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் பசங்க?"

"செத்தவங்க. அவங்களுக்காகக் கோவிச்சிக்கினாருன்னீங்களே. அவங்களுக்கு இன்னா ஆச்சு இப்போ?"

மனோகரன் இட்லிப் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தார். முதலாளிதான் மெல்லச் சொன்னார். "நீ போம்மா. உன் மேல தப்பு இல்ல."

தப்பு இல்லை என்று கேட்டால் நிம்மதி வரும் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? கன்னியம்மாளுக்குத் தலையில் யாரோ அடித்தது போல இருந்தது. தன் தப்பாக இருந்திருந்தால் அழுதிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம், அத்தனையையும் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்திருக்கலாம். நன்றாகத் தைத்திருந்தாலும் இதேதான். கேவலமாகத் தைத்திருந்தாலும் இதேதான். அவள் கரடிக்கு மூக்குத் தைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், அவளுக்குத் தெரியாத ஒரு ஊரில் இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்ட அன்றைக்கு இவளுடைய வேலை முடிந்தது. அலமாரிமேல் இருந்த கரடியைப் பார்த்தாள். அதன் வயிற்றுக்குள் ஒரு முடி இருப்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். 'அந்த முடிக்காரிக்கு வேல போவல' என்று நினைத்தாள். அது சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெளியே வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். கன்னியம்மாள் எதையும் மறைக்கவில்லை. பொட்டு வைத்ததையும் சொன்னாள், மனோகரன் சொன்னதையும் சொன்னாள். தனக்கு விளங்கியவரை சொன்னாள். சொல்லும்போதே அவள் காதுக்கே அது கதை கட்டுவது போலத்தான் பட்டது.

வேம்புலியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இருமே. அமெரிக்காக்காரனும் சைனாக்காரனும் சண்ட போட்டுகினா நமக்கு வேல. கூடிக்கினா நமக்கு வேல பூட்ச்சு. இத்தத்தான சொல்ற?"

"அப்டித்தான் சொன்னாரு."

"யாராண்ட காது குத்தற? நான் இன்னா ஸ்கூலுக்குப் போற கொயந்தையா? எங்கியோ கீற ரெண்டு பேரு, நம்ம மூஞ்சிகூடப் பாக்காதவங்க, அத்திப்பட்டுக்காரி உலைல தண்ணி ஊத்துவாங்களா? நீ கரடி கால்ல கறுப்பு வெச்ச, அவன் அசிங்கம்னு தூக்கிப் போட்டுட்டான். அத்த ஒப்புக்க. அதுக்கு ஜனாதிபதிய ஏன்டி இயுக்கற?"

"அக்கா மெய்யாத்தான் சொல்றாங்க" என்றாள் புஷ்பா.

"நீ அத்த பாஸ் பண்ணவ. நீ பேசாத."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கன்னியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வேம்புலியம்மாள் சொன்னதுதான் எல்லோருக்கும் நம்பும்படி இருந்தது. ஒருத்தி தப்புப் பண்ணினாள், பலபேர் கெட்டார்கள். அது அவர்கள் அறிந்த உலகம். இன்னொன்றில் தலையும் இல்லை, காலும் இல்லை. அறைக்குள் போவதற்கு முன்னால் அவளும் இந்தப் பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தாள்?

"நான் கூட்டிகினு வந்தேன். வருசம் பூரா கீதுன்னு நான் சொன்னேன். அது மட்டும் என் தப்பு" என்றாள்.

வேம்புலியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மேஸ்திரி வீட்டுப் பக்கம் நடந்தாள். கன்னியம்மாள் பின்னாலேயே போனாள். "நீ எங்க வர்ற?" என்று கத்தியதற்கும் நிற்கவில்லை. மேஸ்திரி வாசலில் அவளை முந்திக்கொண்டு போய் நின்று, "இவ தப்பா போகல. நான்தான் ஆசை காட்டி இஸ்துகினு போனேன். ஏசணும்னா என்னைய ஏசு" என்றாள். அவன் ஏசினான். வாய் வலிக்கிறவரைக்கும் ஏசிவிட்டு வேம்புலியம்மாளிடம் கூடையைக் கொடுத்தான். வேம்புலியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். கன்னியம்மாளின் பக்கம் திரும்பவில்லை.

மற்றவர்களுக்காகவும் அப்படியே ஒவ்வொரு வாசலாகப் போய்க் கன்னியம்மாள் பேச்சு வாங்கினாள். சிலருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. தெருவில் அவளுக்குப் 'பொட்டு வெச்சவ' என்று பேர் வந்து நின்றது. 'கன்னிம்மா சொன்னா செரியாத்தான் இருக்கும்' என்று அதற்குப்பின் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

கடைசியாக அவள் நின்ற வாசல் சொர்ணத்தினுடையது. சொர்ணம் கரடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாத்திரம் கிடக்கு" என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் கத்திரி வெயில் முடிகிற நாட்களில், சொர்ணத்தின் வீட்டு டி.வி.யில் செய்தி ஓடும்போது கன்னியம்மாள் தேய்க்கிற கையை நிறுத்திவிட்டு அடுப்படிக் கதவுக்கு வந்து நிற்பாள். வருஷா வருஷம் சைனாவுக்குச் சலுகையைத் தொடர்வதா வேண்டாமா என்று அமெரிக்காவில் பேச்சு நடக்கும். வருஷா வருஷம் தொடர்ந்தார்கள். ஒரு தடவை செய்தி வாசிப்பவர் அதைச் சொல்லி முடித்ததும் அவள் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டது கூடம்வரை கேட்டது.

சொர்ணம் திரும்பிப் பார்த்தாள். "என்னட்டி, வருஷம் தவறாம வந்து நிக்கே? உனக்குச் சைனாவுல சொந்தமா?"

கன்னியம்மாளின் கையிலிருந்து சாம்பல் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒருத்தி கீறாம்மா" என்றாள். "பேரு தெரியாது. நீட்டு முடி."

சொர்ணம் சிரிக்க வாய் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கன்னியம்மாள் உள்ளே போய் மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.